மூன்றாம் ஓலை

வாங்க ஐயரம்மா. ஐயர் அனுப்பினாரா, நீங்களா வந்தீங்களா? சரி, எப்படி வந்தால் என்ன. அந்த நாற்காலியில் உட்காருங்க. மற்றது கால் ஆடும். காலையில் கோயிலில் நான் ஏன் எழுந்து நின்றேன் என்றுதானே கேட்க வந்திருக்கீங்க? கேளுங்க. ஐயர் பாதிரியாராக இந்தச் சபைக்கு மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான், நீங்க ஊருக்குப் புதுசு, உங்களுக்குக் கேட்க நியாயம் உண்டு. மற்றவளுகளுக்குக் கிடையாது. அவளுகளுக்கு எல்லாம் தெரியும். எனக்குத்தான் தெரியாமல் போச்சு. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒன்று. ஞானதீபத்தை நான் மன்னித்துவிட்டேன். ஏழு வருஷத்துக்கு முன்னாலேயே மன்னித்தாச்சு. சபையில் எல்லார் முன்னாலும் சொல்லியும் இருக்கிறேன். மன்னித்த பிறகு அவளைச் சும்மா விட்டேனா என்பது வேறு விஷயம். பழிவாங்குவது கர்த்தருடைய வேலை என்று ஐயரும் பிரசங்கம் செய்கிறார். இல்லையென்றா சொன்னேன்? அவருக்கு உலகம் பூரா வேலை கிடக்கிறது. நானோ பக்கத்து வீட்டுக்காரி. கொஞ்சம் கைகொடுத்தால் குற்றமா?

சிரிக்காதீங்க.

ஞானதீபம் வீடு இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம். நானும் அவளும் ஒரே வருஷம் இந்தத் தெருவுக்கு வாழ வந்தவர்கள். கோயிலில் எங்களுக்கு ஒரே பாய். பாய் நான் கொண்டுபோவேன், பாட்டுப் புத்தகம் அவள் கொண்டுவருவாள். என் வீட்டுக்காரர் தவறிப்போனபோது என் மகன் ஜோயலுக்குப் பத்து வயது. அவள்தான் என்னை எழுப்பி உட்காரவைத்துக் கஞ்சி ஊட்டினாள். அதையும் சொல்லத்தான் வேண்டும். நான் நன்றிகெட்டவள் இல்லை.

ஜோயலுக்குச் சின்ன வயதிலிருந்து ஒரு கிறுகிறுப்பு உண்டு. பித்தம். வேறொன்றும் இல்லை. கிணற்றடியில் ஒருதரம் விழுந்தான், அப்போது ஞானதீபம்தான் பக்கத்தில் நின்றாள். அப்புறம் எப்போதாவது வரும், போகும். அதற்கு வைட்டமின் மாத்திரை. இங்கே வாங்கினால் கடைக்காரன் நாலு பேரிடம் சொல்லுவான் என்று நானே பஸ் ஏறித் திருநெல்வேலி போய் வாங்கிவருவேன். இந்த இடுப்புச் சாவியைப் பார்க்கிறீங்களா? இரும்பு. எந்தப் பூட்டுக்கும் சேராது. அவன் கையில் கொடுப்பதற்காக எப்போதும் வைத்திருக்கிறேன். பித்தத்துக்கு இரும்பு நல்லது.

ஏன் அப்படிப் பார்க்கிறீங்க? பித்தம் என்றுதானே சொன்னேன்.

அவனுக்கு இருபத்தாறு வயதில் நாசரேத் பக்கம் ஒரு பெண் அமைந்தது. பியூலா என்று பேர். நல்ல குடும்பம், மூக்கும் முழியுமான பிள்ளை. உங்க ஊர்ப்பக்கம் எப்படியோ, இங்கே கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை தெரிந்தவர்கள் எழுந்து சொல்லலாம் என்று ஐயர் கேட்டுவிட்டு ஒரு மூச்சு நேரம் நிறுத்துவார். அந்த மூச்சு நேரத்தில் ஒருவர் எழுந்தார் என்று எங்கள் ஊரில் கேள்விப்பட்டதே கிடையாது. கைப்பிள்ளைகூட அப்போது தும்மாது.

முதல் ஓலை வாசித்த அன்று மத்தியானம் வந்தாள் ஞானதீபம்.

"ஏட்டி எப்சி, பொண்ணு வீட்டுல சொல்லிட்டியா?"

"எதைச் சொல்ல?"

"ஜோயலுக்கு உள்ளதை."

"அவனுக்கு என்ன உள்ளது? பித்தம்."

"பித்தம்னா பித்தம்னே சொல்லேன். சொல்ல வேண்டியதுதானே?"

பாருங்க, எப்படி மடக்குகிறாள் என்று. ரெண்டாவது ஓலை அன்றைக்கும் வந்து நின்றாள்.

"அந்தப் பிள்ளை ஒத்தையில நின்னு மொதத்தடவை பாத்தா பயந்து செத்துருவாட்டி. அவனை நெனைச்சுப் பாரு. ஆயுசு பூரா பொண்டாட்டிக்குத் தெரியாம மாத்திரையை ஒளிச்சு ஒளிச்சுத் திங்கணுமா?"

"ஒரு கல்யாணத்தை முடிச்சா எல்லாம் சரியாயிரும்னு வைத்தியரே சொல்லியாச்சு."

"எந்த வைத்தியரு?"

"எங்க வைத்தியரு. உனக்கு என்ன வந்துச்சு? உன் வேலையைப் பாரு."

சொன்னால் போய்விட வேண்டியதுதானே? மூன்றாவது ஓலை. பெண் வீட்டார் ஏழெட்டுப் பேர் வேன் வைத்து ஆராதனைக்கு வந்திருந்தார்கள், மத்தியானம் இங்கே சாப்பாடு. கிடாய் அடித்து, மூன்றுமணிக்கே எழுந்து அரைத்து, அடுப்பில் வைத்துவிட்டுப் போயிருக்கிறேன். அப்போதிருந்த ஐயர் கேட்டார். மூச்சு நேரம் நிறுத்தினார். என் பாயில், என் பக்கத்தில், என் முழங்காலைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் எழுந்தாள்.

"தடைன்னு இல்ல ஐயரே. பொண்ணு வீட்டுக்கு ஒண்ணு தெரியணும். பையனுக்கு வலிப்பு இருக்கு. தெரிஞ்சு குடுத்தாங்கன்னா நானே முன்னால நின்னு நடத்திவைப்பேன்."

அவ்வளவுதான். அந்த வார்த்தை. என் வாயால் ஒருநாளும் வராத வார்த்தையைக் கோயில் நடுவில் போட்டு உடைத்தாள். நாசரேத்துக்காரர்கள் வாசலில் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு நேரே வேனில் ஏறிவிட்டார்கள். ஒரு சட்டிக் கறியை நானும் என் பிள்ளையும் எப்படித் தின்பது? தென்னைமூட்டில் குழிதோண்டிப் புதைத்தேன். வாசனை சுவர் தாண்டிப் போயிருக்கும். போகட்டும். அவளுக்கு ஒரு கரண்டி கொடுக்கவில்லை.

ஜோயல் என்ன சொன்னான் தெரியுமா? "எம்மா, நானே சொல்லணும்னுதான் இருந்தேன்." அவ்வளவு பயந்துபோயிருந்தான் பிள்ளை. என்ன பேசுகிறோம் என்று அவனுக்கே தெரியவில்லை.

அன்றிலிருந்து நான் வேறு பாய். சண்டை போட்டேனா? ஒரு வார்த்தை வைதேனா? கிடையாது. நான் ஜெபம் பண்ணினேன்.

வியாழக்கிழமை பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஆளுக்கு ஒரு ஜெபக்குறிப்பு சொல்லுவோம் இல்லையா? மகன் வேலை, மருமகள் பிரசவம், மாட்டுக்கு வியாதி என்று. என் முறை வந்தது. எழுந்து நிதானமாகச் சொன்னேன். "நம்ம சகோதரி ஞானதீபத்துக்காக ஜெபிச்சுக்கிடுங்க. கர்த்தர் அவ நாக்கை அடக்கித் தரணும்." எல்லாரும் குனிந்த தலை நிமிரவில்லை. அவளும் அங்கேதான் இருந்தாள். ஜெபம் முடிந்ததும் முதல் ஆமென் யாருடையது என்கிறீங்க? அவளுடையது! கூரை அதிர.

அடுத்த வியாழன் அவள் பெருமைக்காக. அதற்கடுத்து, அடுத்த வீட்டுப் பானையை எட்டிப் பார்க்கிற கண்ணுக்காக. இப்படி வாரத்துக்கு ஒன்று. குறை சொன்னால் கோள் என்பார்கள், ஜெபக்குறிப்பு என்றால் என்ன சொல்ல முடியும்? எல்லாரும் முழங்கால்படியிட்டுத்தானே ஆகணும்! நான் அவளுக்காக ஜெபித்த மாதிரி அவளைப் பெற்றவள்கூட ஜெபித்திருக்க மாட்டாள்.

இடையில் அவள் புருஷன் லாரி மோதிச் செத்துப்போனார். நான் துக்கவீட்டுக்குப் போனேன், வாசல்வரைக்கும். உள்ளே போகவில்லை. அந்த வியாழக்கிழமை சொன்னேன், இந்த உபத்திரவத்திலாவது அவளுக்கு மனந்திரும்புதல் கிடைக்கட்டும் என்று. அது கொஞ்சம் அதிகம்தான் என்று சுகிர்தம் அக்கா முகத்தைச் சுளித்தாள். சங்கத்துக்குத் தலைவி அவள். ஆனால் நான் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தாள்.

"எப்சி இத்தனை பாரத்தோட வாரா வாரம் ஞானதீபத்துக்காகக் கேக்கா. வெறும் வாயால ஜெபிச்சா போதுமா? இனிமே வியாழக்கிழமைக் கூட்டத்தை ஞானதீபம் வீட்டுலயே வச்சுருவோம். அவ ஒத்தையில கெடக்கா."

எல்லாரும் ஆமென்! என் ஜெபக்குறிப்பை எடுத்து எங்கே கொண்டுபோய் வைத்தாள் பாருங்க. ஒதுக்கிவைக்க நினைத்தவள் வீட்டு வாசலில் வியாழன் தோறும் செருப்பு குவிந்து கிடந்தது. ஒருத்தி இட்லி கொண்டுபோவாள், ஒருத்தி முருங்கைக்கீரை. அந்தப் படி நான் மிதிப்பேனா? நான் இங்கே அடுக்களையில் இருந்து சுவர் வழியாகப் பாட்டைக் கேட்பேன். ஜெபம் ஆரம்பித்தால் சத்தம் தணிந்துவிடும், ஒன்றும் விளங்காது. என்ன ஜெபித்திருப்பார்கள்? நான் சொன்ன குறிப்பைத்தான் ஜெபிக்கிறார்கள் என்று நிம்மதியாக இருந்தேன்.

பாட்டுக்குக் கீபோர்டு வாசிக்க ஆள் வேண்டாமா? கோயிலில் வாசிக்கிறது என் பிள்ளை. செல்போன் ரிப்பேர் கடையை மத்தியானம் மூடிவிட்டுக் கீபோர்டைத் தூக்கிக்கொண்டு அவனும் போக ஆரம்பித்தான். தடுத்தேன். "எம்மா, ஆண்டவருக்கு வாசிக்கிறதுதானே" என்றான். ஆண்டவர் பேரைச் சொல்லிவிட்டால் நான் என்ன செய்ய?

அவளுக்கு ஒரு மகள், ஜெனிட்டா. அன்றைக்கு ஓலை வாசித்த காலத்தில் பாவாடை கட்டிக்கொண்டு திரிந்த பிள்ளை. பிறகு ஹாஸ்டலில் இருந்து நர்ஸ் படித்து, இப்போது ஆஸ்பத்திரியில் வேலை. வியாழக்கிழமை அவளுக்கு லீவாம். போன வருஷம் அந்த வீட்டில் பாட்டுக்கு நடுவில் ஜோயலுக்குக் கிறுகிறுப்பு வந்திருக்கிறது. அந்தப் பிள்ளைதான் ஒருச்சாய்த்துப் படுக்கவைத்து, சட்டைப் பித்தானைத் தளர்த்தி, முழிக்கும்வரை பக்கத்திலேயே இருந்தாளாம். இதெல்லாம் எனக்கு நேற்றுத்தான் தெரியும். கையில் இரும்பு கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை பாருங்க.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஜோயல் வந்து நின்றான். "எம்மா, ஜெனிட்டாவைக் கட்டலாம்னு இருக்கேன். அவளுக்குச் சம்மதம். அத்தைக்கும் சம்மதம்."

அத்தை! அப்போதுதான் எனக்குக் கண் திறந்தது. ஐயரம்மா, நீங்க படித்தவங்க, யோசித்துப் பாருங்க. அன்றைக்கு ஏன் எழுந்து நின்றாள்? என் பிள்ளையைத் தன் மகளுக்குப் பிடித்துவைக்க! ஏழு வருஷத் திட்டம்! வேறு என்ன காரணம் இருக்க முடியும்? வலிப்பு என்று அத்தனை பேர் முன்னால் சொன்னவள், அதே வலிப்புக்காரனுக்குத் தன் ஒத்தை மகளைத் தெரிந்தே கொடுக்கிறாள் என்றால் அதில் சூது இல்லாமல் இருக்குமா?

என்ன? சிரிக்கிறீங்களா? சரி.

நான் சம்மதம் என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன். முதல் ஓலைக்கு வாய் திறக்கவில்லை. ரெண்டாம் ஓலைக்கும் திறக்கவில்லை. எப்சி குளிர்ந்துவிட்டாள் என்று ஊர் பேசியது. பேசட்டும். அவள் மூன்றாவது ஓலைக்குத்தானே எழுந்தாள்? நானும் அதற்குத்தான் காத்திருந்தேன். அதே கோயில், அதே மூச்சு நேரம். அவள் மகள் தலைகுனிந்து நிற்க வேண்டும், அவள் வீட்டுச் சட்டி தென்னைமூட்டுக்குப் போக வேண்டும். ராத்திரி பூரா அதை நினைத்து நினைத்து எனக்குத் தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

அப்புறம் நீங்க பார்த்தீங்களே. உங்க வீட்டு ஐயர் வாசித்தார், கேட்டார், நிறுத்தினார். நான் எழுந்தேன். எத்தனை தலை திரும்பியது! ஐயர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "சொல்லுங்கம்மா, என்ன தடை?" என்றார்.

என்ன தடை என்று நான் யோசித்து வைத்திருந்தேன் தெரியுமா? பெண்ணின் தாய் சூதுக்காரி என்று சொல்லலாம் என்றிருந்தேன். நாக்கில் வந்துவிட்டது. ஆனால் அது தடை ஆகாதே! ஐயர் உட்காருங்கள் என்று சொல்லிவிட்டால்? ஒரு கல்யாணத்தை நிறுத்திய வார்த்தை என்று இந்தக் கோயிலில் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அவள் எனக்குக் கொடுத்த வார்த்தை. அதையே அவள்மேல் திருப்பி எறிகிறேன் என்று நினைத்தேன்.

"என் மவனுக்கு வலிப்பு இருக்கு."

சொல்லிவிட்டேன். சத்தமாகவே சொன்னேன். ஆண்கள் பக்கம் கீபோர்டில் இருந்து ஜோயல் தலையைத் தூக்கிப் பார்த்தான். வெட்கத்தில் செத்துப்போவான் என்று நினைத்தேன். அவன் முகம்... எப்படிச் சொல்ல. நுங்குக்குலையைத் தலையில் சுமந்துகொண்டு வெயிலில் நடந்தவன், அதை இறக்கிவைத்துவிட்டு நிமிர்வான் பாருங்க, அந்த மாதிரி. எனக்கு அது பிடிக்கவில்லை. நான் அதற்காகச் சொல்லவில்லை.

அப்போது ஞானதீபம் உட்கார்ந்த இடத்திலிருந்தே, அரிசி இருக்கிறதா என்று கேட்பதுபோலச் சொன்னாள்:

"தெரியும்ட்டி எப்சி. உக்காரு."

சுகிர்தம் அக்கா பின்னாலிருந்து, "ஆமென்" என்றாள். யார் இவளைக் கேட்டது? ஆனால் பெண்கள் பக்கம் ஒவ்வொருத்தியாக ஆமென், ஆமென் என்று... மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வேறு. ஐயர், "இதைத் தவிர வேற தடை உண்டாம்மா?" என்று கேட்டார். நல்ல மனுஷன், மெதுவாகக் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். வேறு என்ன இருக்கிறது? இருந்த ஒரே ஒரு கல்லையும் எறிந்தாச்சு.

எழுந்த வேகத்தில் நாலு எட்டு முன்னால் போய்விட்டேன் போல, என் பாய் எங்கோ பின்னால் கிடந்தது. வெறும் தரை என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். கீழே பாய் இருந்தது. அவள் பாய். சொல்லிக்கொண்டே பாதியை என் பக்கம் இழுத்துவிட்டிருக்கிறாள். பாட்டு ஆரம்பித்ததும் புத்தகத்தையும் என் பக்கம் சரித்தாள். கண்ணாடி இல்லாமல் எனக்கு எழுத்து தெரியாது என்று அவளுக்குத் தெரியும், இருந்தும் சரித்தாள்.

ஆராதனை முடிந்து சுகிர்தம் அக்கா கையைப் பிடித்துக்கொண்டாள். "வியாழக்கிழமை முதல் ஜெபம் எப்பவும் உன் மவனுக்குத்தான் எப்சி. ஞானதீபம்தான் அந்தக் குறிப்பு சொல்லுவா. ரெண்டாவது ஜெபம் உனக்கு. நீயே ஒருநாள் வாய் தொறந்து வலிப்புன்னு சொல்லி ஜெபம் கேக்கணும்னு."

கேட்டீங்களா ஐயரம்மா? எத்தனை வருஷம்! நான் இந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் காதை வைத்துக்கொண்டு, அவளுக்காக ஜெபிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். அங்கே என் பேர்! என் பிள்ளை பேர்! என்னிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா? நான் அவளை ஆண்டவரிடம் காட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தேன், அவரோ அந்தப் பக்கத்துக் குறிப்பைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். நான் கொண்டுபோய் வைத்த ஒவ்வொன்றையும் எடுத்து என் வீட்டுக்கே... விடுங்க. அவரோடு நான் தனியாகப் பேசிக்கொள்கிறேன்.

வாசலில் அவள் நின்றாள். ஒரு மன்னிப்பு கேட்பாள் என்று நினைத்தேன், அல்லது அழுவாள் என்று. "என்ன சம்பந்தி, இன்னைக்குக் கெடாக்கறி உண்டா? அன்னைக்கு வாசனை மட்டும்தான் வந்துச்சு" என்கிறாள். எவ்வளவு திமிர் பாருங்க!

ஆமாம், அதுதான் கொதிக்கிறது. நீங்க வந்ததிலிருந்து அடுக்களைப் பக்கமே பார்க்கிறீங்க, எனக்குத் தெரியாதா? கிடாய்க்கறிதான். உடனே மன்னித்துவிட்டேன் என்று ஐயரிடம் போய்ச் சொல்லிவிடாதீங்க. மிளகாயைக் கை நிறைய அள்ளிப் போட்டிருக்கிறேன். அவள் ஒரு வாய் வைத்ததும் நாக்கு எரிந்து, தண்ணீர் தண்ணீர் என்று ஓட வேண்டும். நானே கொண்டுபோய் எதிரில் உட்கார்ந்து பார்க்கப்போகிறேன்.

எது? அந்தச் சின்னத் தூக்குவாளியா? அது... அதிலும் கறிதான். காரம் போடாதது. அவளுக்கு வயிற்றில் புண் இருக்கிறது. கடைசியில் ஒன்றுகிடக்க ஒன்று ஆகிப் படுத்துவிட்டாள் என்றால் கல்யாணம் தள்ளிப் போய்விடும் பாருங்க. அதற்காகத்தான். வேறு ஒன்றும் நினைத்துவிடாதீங்க.

வியாழக்கிழமையா? வருவேன். எனக்கும் ஒரு ஜெபக்குறிப்பு இருக்கிறது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்க. முதலில் ஜோயலுக்கு. வலிப்பு என்றே எழுதுங்க, பரவாயில்லை. ரெண்டாவது ஞானதீபத்துக்கு. கர்த்தர் அவளுக்குத் தீர்க்காயுசு தரவேண்டும். நூறு வயது இருக்கவேண்டும் அவள், என் கண்முன்னாலேயே இருக்கவேண்டும்.

இவ்வளவு செய்தவளைப் பழிவாங்க எனக்கு அவ்வளவு காலமாவது வேண்டாமா?